பெடலில் வந்த இருமல்

இசைக்குழுவில் அவளைத் தந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். கிட்டார் வாசிக்கிறவள் என்பது பாதிக் காரணம். எதைக் கேட்டாலும் தந்தி அடிப்பது போல இரண்டு வார்த்தையில் பதிலை முடித்துவிடுவாள் என்பது மீதி. டிரம்ஸ் வாசிப்பவர் விளையாட்டாக வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது.

கணவன் கப்பலில் சமையல்காரன். கிளம்பினால் மாதக்கணக்கில் கடல்தான். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் அவள் தனியாக இருந்தாள். சாயங்காலம் ஒரு ஓட்டலின் மேல்தளத்தில் வாசிப்பு. பகல் முழுவதும் வீட்டில் பயிற்சி.

அவளுடைய ஓவர்டிரைவ் பெடல் பழையது. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் கிடக்கும் சின்னப் பெட்டி அது. காலால் ஒரு மிதி மிதித்தால், சுத்தமாக வந்துகொண்டிருந்த ஒலி கரகரத்து, தொண்டை கட்டினவன் உச்சக்குரலில் பாடுவது போல மாறும். ஆனால் இந்தப் பெடலின் கரகரப்பில் சதைப்பற்றே இல்லை, வெறும் எலும்பு என்று அவளுக்கு ஒரு குறை. ஒலிபெருக்கிக் கடையில் வேலை பார்க்கும் தம்பி அதை வாங்கிக்கொண்டு போனான். திரும்பக் கொண்டுவந்தபோது பெட்டியே வேறாக இருந்தது.

“என்னடா இது, சோப்பு டப்பா மாதிரி இருக்கு?”

“பழைய இரும்புப் பெட்டிக்குள்ள புது போர்டு அடங்கலக்கா. இப்போதைக்கு இந்த பிளாஸ்டிக்லயே ஓட்டு. டயோடு ரெண்டையும் மாத்திட்டேன், கெயினையும் நல்லா ஏத்தி வச்சிருக்கேன். எறும்பு தும்முனாக்கூட ஆம்ப்ல கேக்கும்.”

“எறும்பு எதுக்குடா என் ஆம்ப்ல வந்து தும்மணும்?”

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவள் செருகி, மிதித்து, தந்திகளைச் சேர்த்து ஒரு கார்டு அடித்தாள். உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் தேடிய ஒலி அதுதான். அன்று மதியம் சாப்பாட்டைக்கூட மறந்து வாசித்தாள். விரல் வலித்து நிறுத்தி, உள்ளங்கையால் தந்திகளை அமுக்கிப் பிடித்தபோது, ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலுக்கு அடியிலிருந்து வேறு ஏதோ வந்தது.

யாரோ மூச்சு விடும் சத்தம்.

இழுத்து இழுத்து, நடுவில் சளி தட்டி நின்று, மறுபடி இழுக்கும் மூச்சு. அவள் தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். அது நிற்கவில்லை. திரும்பி அறையைப் பார்த்தாள். கட்டில், பீரோ, காய்ந்த துணி, அவ்வளவுதான். பெடலை மிதித்து அணைத்தாள். மூச்சு நின்றது. மறுபடி மிதித்தாள். வந்தது. கூடவே ஓர் இருமலும் வந்தது. வயதான நாய் குரைப்பது போல வறண்ட, ஆழமான இருமல். அவள் கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு வாசல் வரை போய் நின்றுகொண்டாள். காரணம் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

தம்பிக்கு போன் செய்தாள்.

“பேய் இல்லக்கா,” என்றான் அவன், சாவகாசமாக. “ரேடியோ அலையைப் புடிக்குது. இரும்புப் பெட்டி இருந்தா அது தடுத்துடும், பிளாஸ்டிக் தடுக்காது. பக்கத்து வீட்ல யாராவது குழந்தை ரூம்ல ஒரு மைக்கு வச்சு, இன்னொரு ரூம்ல இருந்து கேப்பாங்க பாரு, அதுவா இருக்கும். பழைய மாடலா இருந்தா இப்படி வரும். நாளன்னைக்கு வந்து உள்ள தகடு வச்சுத் தரேன்.”

“குழந்தை இப்படி இருமாதுடா.”

“அப்ப யாராவது படுத்த படுக்கையா இருப்பாங்க. விடு.”

அவள் விட்டுவிடத்தான் நினைத்தாள். மறுநாள் காலையில் பயிற்சிக்கு உட்கார்ந்து, ஒரு பாட்டின் நடுவில் நிறுத்தியபோது, இந்த முறை மூச்சோடு ஒரு பெண் குரலும் வந்தது. கிழிந்த துணி வழியாகப் பேசுவது போல இருந்தது. எழுத்துகள் சிதைந்து வந்தாலும் சொற்கள் புரிந்தன.

“என்ன மாப்பிள்ளை, தண்ணி வேணுமா? அதோ இருக்கு பாருங்க மேசைமேல. எட்டி எடுத்துக்கறது.”

முனகல்.

“எட்டலையா? அன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல நின்னு அவளைக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனப்போ நல்லா நீளமாத்தானே இருந்துச்சு இந்தக் கை. அப்புறமென்ன?”

ஏதோ இழுபடும் சத்தம். மறுபடி முனகல், இந்த முறை உரக்க.

“கத்துங்க. நல்லாக் கத்துங்க. யாருக்குக் கேக்கப்போகுது?”

எனக்குக் கேட்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள் தந்தி. யாரிடம் சொல்வது? அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி கிறீச்சிட்டால்கூட அந்தப் பக்கம் கேட்டுவிடும் என்பது போலப் பயந்தாள். பெடல் வாங்குமே தவிர அனுப்பாது என்பது தெரியும். இருந்தும் பயந்தாள்.

“பஞ்சு வந்ததும் சொல்லுங்களேன் என் மேல புகார்,” என்றது குரல், சிரிப்போடு. “வாய் இருந்தா சொல்லுங்க.”

அவள் எந்த வீடு என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தாள். விடை லிஃப்டில் கிடைத்தது. மாலை ஓட்டலுக்குக் கிளம்பி, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கும்போது, நேர் கீழ்வீட்டுத் தளத்தில் லிஃப்ட் நின்றது. துணிக்கூடையோடு ஏறினாள் சிரிப்பக்கா.

கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் சிரிப்பக்காதான். கீழ்வீட்டில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் பக்கவாதம் வந்து கிடந்தார். பேச்சும் வலப்பக்கமும் போய்விட்டன. அவர் மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பகல் முழுக்க வேலை. அவளுடைய அக்காதான் இவள்; வந்து கூடவே தங்கிப் பார்த்துக்கொள்கிறாள், கூடப்பிறந்தவள் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று வாட்ச்மேன் எல்லோரிடமும் சொல்வார். யாரைப் பார்த்தாலும் சிரிக்கும் முகம்.

“வாசிக்கக் கிளம்பிட்டியாம்மா? உன் வாசிப்பு கீழ நல்லாக் கேக்குது. எங்களுக்கும் பொழுது போகுது. அப்புறமென்ன, நல்லா இருக்கியா?”

அப்புறமென்ன. காலையில் பெடலில் வந்த அதே சொல், அதே குரல்.

தந்தி, லிஃப்டின் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லா இருக்கேங்க்கா,” என்று எப்படியோ சொன்னாள். தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. கீழே கதவு திறந்ததும் முதல் ஆளாக வெளியே போனாள். அன்று ஓட்டலில் இரண்டு இடத்தில் தாளம் தப்பினாள். டிரம்ஸ்காரர் புருவத்தைத் தூக்கிப் பார்த்தார்.

அந்த மனைவியிடம் நேரில் போய்ச் சொல்லலாம். என்னவென்று? உங்கள் அக்கா உங்கள் வீட்டுக்காரரைக் கொடுமை செய்கிறாள், என் கிட்டார் பெடலில் கேட்டேன் என்றா? அவளுக்கே அது பைத்தியக்காரப் பேச்சாகப் பட்டது. தம்பி போனில் சொன்னான்: “ரெக்கார்ட் பண்ணுக்கா. கையில ஏதாவது இருந்தாத்தான் யாரும் நம்புவாங்க.”

மறுநாள் காலையில் போனை ஆம்ப்ளிஃபயர் மேலேயே தயாராக வைத்தாள். சந்தேகம் வராமல் இருக்க எப்போதும் போல வாசித்துக்கொண்டே இருந்தாள். நடுநடுவே தந்திகளை அமுக்கிக் கேட்டாள். மூச்சு. இருமல். மறுபடி வாசிப்பு. மறுபடி அமுக்கல். கடைசியில் அந்தக் குரல் வந்தது.

“வாயைத் திறங்க மாப்பிள்ளை. சூடாத்தான் இருக்கும். திறங்கன்னா.”

அவள் கை போனுக்கு நீண்டது. அதற்குள் குரல் நின்றது. ஒரு கரண்டியைத் தட்டில் வைக்கும் சத்தம். பிறகு, மெதுவாக:

“மேல கிட்டார் நின்னுடுச்சே.”

தந்தியின் கை அந்தரத்தில் நின்றது.

“நான் பேசும்போதெல்லாம் நின்னுடுது. நேத்தும் அப்படித்தான். கவனிச்சீங்களா மாப்பிள்ளை?”

நாற்காலி நகர்ந்தது. காலடிகள் தேய்ந்து போயின. எங்கோ ஒரு கதவு. அதன் பிறகு மூச்சு மட்டும். தந்தி கிட்டாரை எடுத்து மறுபடி வாசிக்க வேண்டும் என்று நினைத்தாள். எதுவும் நடக்காதது போல வாசித்தால் போதும். விரல்கள் கேட்கவில்லை. அழைப்புமணி அடித்தது.

கதவின் கண் துளையில் சிரிப்பக்காவின் முகம் பூதாகரமாகத் தெரிந்தது.

“திறம்மா. வாசிப்பு நடுவுல நின்னுடுச்சே, உடம்புக்கு ஏதாவதோன்னு பார்க்க வந்தேன். அப்புறமென்ன, அக்காதானே.”

திறக்காமல் இருந்தால் தெரிந்துவிடும். திறந்தாலும்… சங்கிலியை மாட்டியபடியே கதவை ஒரு சாண் திறந்தாள்.

“ஒண்ணுமில்லக்கா. கம்பி அறுந்துடுச்சு.”

“அடடா.” சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் தந்தியின் தோளைத் தாண்டி உள்ளே போயின. “யாரோ உள்ள இருக்காங்க போல?”

“டிவி.”

அந்த நொடியில்தான் கீழே அந்த மனிதர் இருமினார்.

உள்ளறையில் ஆம்ப்ளிஃபயர் இருமியது. அதே நேரத்தில், அதே இருமல், சிரிப்பக்காவின் இடுப்பில் செருகியிருந்த சின்ன வெள்ளைக் கருவியிலிருந்தும் வந்தது. தங்கை வாங்கிக் கொடுத்தது. அடுப்படியில் இருந்தாலும் நோயாளியின் சத்தம் கேட்க வேண்டும் என்று. ஒன்று கரகரப்பாக, ஒன்று சன்னமாக, இரண்டும் ஒன்றாக இருமி ஒன்றாக ஓய்ந்தன.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிரிப்பக்கா குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். நிமிர்ந்து உள்ளறைப் பக்கம் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை. போயிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

“டிவி நல்லாத்தான் இருக்கு,” என்றாள். திரும்பிப் படிகளில் இறங்கினாள். அவசரமே இல்லாமல் இறங்கினாள்.

தந்தி கதவைத் தாழிட்டு, அதில் சாய்ந்து, சரிந்து உட்கார்ந்தாள். ஆம்ப்ளிஃபயரில் கதவு திறக்கும் சத்தம் வந்தது. காலடிகள் நெருங்கின. பிறகு மைக்குக்கு வெகு அருகில், காதுக்குள் சொல்வது போல:

“மாடி வீட்டுப் பொண்ணே. கேக்குதா?”

ஒரு சொடுக்கு. அதன் பிறகு இரைச்சல் மட்டும். மூச்சு இல்லை, இருமல் இல்லை, ஒன்றுமே இல்லை.

இத்தனை நாள் கேட்டதெல்லாம் ஒரு பயம். ஒன்றும் கேட்காத இந்த நேரம் வேறொரு பயம். இப்போது அந்த அறையில் என்ன நடக்கிறது? தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று ஆனபின், பேச முடியாத ஒரு மனிதர் உயிரோடு இருப்பது அந்தப் பெண்ணுக்கு நல்லதா? இந்தக் கேள்வி வந்ததும் தந்தி எழுந்துவிட்டாள். தைரியம் வந்து எழவில்லை. உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்தாள். செருப்பு போடக்கூடத் தோன்றவில்லை. படியில் இறங்கிக்கொண்டே வாட்ச்மேனுக்கு போன் செய்தாள்.

“கீழ்வீட்டம்மாவுக்கு உடனே போன் போடுங்கண்ணே. வேலையை விட்டுட்டு வரச் சொல்லுங்க. வீட்டுக்காரருக்கு ஆபத்துன்னு சொல்லுங்க. நீங்களும் மேல வாங்க.”

இவ்வளவு நீளமாக இவள் பேசி அவர் கேட்டதே இல்லை. அதனாலேயே நம்பினாரோ என்னவோ, ஒன்றும் கேட்காமல் “சரிம்மா” என்றார்.

கீழ்வீட்டு மணியை அழுத்தினாள். திறக்கவில்லை. அழுத்திய விரலை எடுக்காமல் வைத்துக்கொண்டாள். மற்றக் கையால் கதவை அடித்தாள். உள்ளே இருப்பவள் வாசலில் ஆள் நிற்பதை ஒரு நொடிகூட மறக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவள் எண்ணம். கதவுக்கு மறுபுறம், மிக அருகில், அந்தக் குரல் வந்தது. இப்போது கரகரப்பு இல்லை. இனிமையாக இருந்தது.

“எதுக்கும்மா இப்படித் தட்டறே? நோயாளி இருக்கற வீடு.”

“கதவைத் திறங்க.”

“உன் வீட்டுக்காரர் கப்பல்லதானே இருக்காரு? வர இன்னும் நாளாகும் இல்ல?”

தந்தி கதவை இன்னும் பலமாக அடித்தாள்.

“தனியா இருக்கற பொண்ணு. ராத்திரி ஓட்டல்ல இருந்து வர்றே. படியில லைட்டுகூட சரியா எரியாது. நான் உனக்காகத்தான் கவலைப்படறேன். அப்புறமென்ன, போய் வாசி.”

வியர்வையில் விரல் மணியிலிருந்து வழுக்கியது. மறுபடி வைத்து அழுத்தினாள். வாட்ச்மேன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். எதிர்வீட்டுக்காரர் தலையை நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்.

லிஃப்ட் திறந்து கீழ்வீட்டம்மா சலவைக்கூட உடையோடு ஓடிவந்தாள். கைப்பையில் சாவியைத் தேடி எடுத்தாள். சாவி நுழைவதற்குள் கதவு உள்ளிருந்து திறந்தது. சிரிப்பக்கா கையில் ஒரு கிண்ணத்தோடு நின்றாள்.

“வந்துட்டியா? இந்தப் பொண்ணுக்கு என்னவோ ஆயிடுச்சு பாரு. அவரைத் தூங்க விடாம ஒரே கலாட்டா.”

அறை துடைத்து வைத்தது போல இருந்தது. புது விரிப்பு. தண்ணீர் தம்ளர் கைக்கு எட்டும் இடத்தில். அவர் கழுத்து வரை போர்த்தி, தலை வாரி, படுத்திருந்தார். மூச்சு இருந்தது. தந்திக்கு அது போதும் என்று ஆனது. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மனைவி கணவனைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தந்தியின் பக்கம் திரும்பினாள். பயம் கோபமாக மாறியிருந்தது.

“என்னங்க இதெல்லாம்? செத்துப் பொழைச்சு ஓடி வரேன் நான். எங்க அக்கா இவருக்கு என்ன பண்ணிட்டா?”

தந்தி கேட்டதைச் சொன்னாள். தண்ணீர், சூடு, கத்தச் சொன்னது. சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அது பொய் போலக் கேட்டது. பெடல், ரேடியோ அலை என்றதும் எதிர்வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். சிரிப்பக்கா தலையை ஆட்டி ஆட்டிப் பரிதாபமாகக் கேட்டுக்கொண்டாள்.

“தனியா இருந்து இருந்து மனசு கெட்டுப்போச்சு பாவம்,” என்றாள்.

மனைவி கணவனின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். “இவங்க சொல்றது நிஜமா? நிஜம்னா கண்ணை மூடித் திறங்க.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், அக்காவின் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். கண்களை அகலமாக, அசையாமல், நீர் கோக்கும் வரை திறந்தே வைத்திருந்தார்.

“போதுமா?” என்றாள் மனைவி. “போயிடுங்க.”

தந்தி வாசல் பக்கம் திரும்பினாள். வேறென்ன செய்வது? அப்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை. கேட்டதில் சொல்லாமல் விட்டது அதுதான் என்பதால் சொன்னாள்.

“பஞ்சு வந்ததும் சொல்லுன்னு சொல்லிச் சிரிச்சாங்க. பஞ்சு யாருன்னு எனக்குத் தெரியாது.”

மனைவி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இப்பத்தான் சொன்னேனே.”

“அது…” அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். “சின்னப் புள்ளைல நீ மட்டும் கூப்பிடுவே. இவர்கிட்டகூட நான் சொன்னதில்லை. நீ என்னை அப்படிக் கூப்பிட்டே எத்தனை வருஷமாச்சு.”

“வயசாகுது எனக்கு. ஏதாவது நினைப்புல வாயில வந்திருக்கும்,” என்றாள் சிரிப்பக்கா. முதல்முறையாக அவள் அவசரமாகப் பேசினாள்.

மனைவி போர்வையை விலக்கினாள். கணவனின் உணர்வற்ற வலக்கையைத் தூக்கி, உள்பக்கம் பார்த்தாள். அக்குளுக்குக் கீழே, குளிப்பாட்டுகிறவளைத் தவிர வேறு யாரும் பார்க்காத இடத்தில், தோல் கன்னிப் போயிருந்தது. பழைய மஞ்சளும் புது நீலமும்.

“தோல் மெலிசு. தொட்டாலே கன்னிடும் இவருக்கு,” என்றாள் சிரிப்பக்கா.

“நீ கிளம்புக்கா.”

“எங்கடி போவேன்? அம்மா போனதுக்கு அப்புறம் உன்னைத் தூக்கி வளர்த்தவ நான். இவன் வந்து ஒரே நாள்ல…”

“கிளம்பு.”

அழுகையோடுதான் சொன்னாள். ஆனால் கட்டிலுக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றுகொண்டு சொன்னாள். சிரிப்பக்கா கிண்ணத்தை மேசையில் வைத்தாள். ஒரு பையில் துணிகளை அடுக்க அவள் எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் யாரும் நகரவில்லை. வாசலில் தந்தியைக் கடக்கும்போது அவள் நின்றாள். சிரித்தாள்.

“நல்லா வாசிம்மா.”

போலீசில் சொல்ல வேண்டும் என்று தம்பி குதித்தான். கீழ்வீட்டம்மா ஒப்பவில்லை. வளர்த்தவளைக் காட்டிக்கொடுக்க அவளால் முடியவில்லை. பூட்டை மாற்றினாள், சலவைக்கூடத்தில் அரை நாள் வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள், மீதி நேரத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி வந்தாள். தந்தியைப் படியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். நன்றி இல்லை என்று சொல்ல முடியாது. வெட்கமாக இருந்திருக்கும். தந்தியும் நின்று பேசவில்லை. ஓட்டலிலிருந்து திரும்பும்போதெல்லாம் டிரம்ஸ்காரர் அவளைக் கதவு வரை கொண்டுவந்து விட்டார். படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவளுக்கு ஒரு முகம் தெரிவது போல இருந்தது. யாரும் இருந்ததில்லை.

தம்பி பெடலை வேறொரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் மாற்றிக் கொடுத்தான். கரகரப்பில் ஒரு குறையும் இல்லை, குரல்கள்தான் நின்றுபோயின. இருந்தும் கொஞ்ச காலத்துக்கு அவளால் ஒரு பாட்டை முழுதாக வாசிக்க முடியவில்லை. நடுவில் கை தானாகத் தந்திகளை அமுக்கும். காது தானாகத் தீட்டிக்கொள்ளும்.

கணவன் கடலிலிருந்து வந்த வாரம் ஒரு காலையில் மணி அடித்தது. அவள் கண் துளையில் பார்த்தாள். கீழ்வீட்டம்மா நின்றிருந்தாள். கதவைத் திறந்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

“இவருக்குப் பேச்சு கொஞ்சம் வருதுங்க. நேத்து முழுசா ஒரு வாக்கியம் சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

அவள் தயங்கினாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மேல சத்தத்தைக் குறைக்கச் சொல்லுன்னாருங்க.”